மீன் பிடிக்காதவருக்கு எந்த மீன் வாங்குவது?

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் மீன் வேண்டாம் என்று இலையை நகர்த்துகிறவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை ஈரோட்டுக்காரர், சைவச் சாப்பாட்டில் வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கோழி வரைக்கும் வந்துவிட்டார். மீன் என்றால் மட்டும் வாசற்படியிலேயே மூக்கைச் சுருக்குகிறார். ஆறு வயதுப் பேத்திக்கு ஒரு முறை கெண்டை முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து வெள்ளைச் சோற்றைக்கூட விரலால் துழாவிப் பார்த்துத்தான் வாயில் வைக்கிறாள். மூன்றாவது ஆள் என் சொந்தத் தம்பி. நாகப்பட்டினத்தில் பிறந்து மீன் தொடாதவன். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் கொழகொழவென்று குழைந்த மீனைச் சாப்பிட்டதாகவும், அதோடு ஆசை அற்றுப்போனதாகவும் சொல்கிறான்.

“மீன் பிடிக்காதவர்களா? வஞ்சிரம் வாங்குங்கள்” என்பது சென்னையில் எல்லோரும் சொல்லும் யோசனை. இரண்டு வருடம் நானும் அதைத்தான் செய்தேன். பேத்தி சாப்பிட்டாள். மாப்பிள்ளை மரியாதைக்காக ஒரு துண்டை எடுத்துத் தயிர்ச் சாதத்துக்கு அடியில் புதைத்தார். தம்பி, “கட்டையைக் கடிப்பது போல இருக்கிறது அண்ணா” என்றான். கிலோ ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மீனுக்கு இந்த மரியாதை.

வீட்டில் மீன் பிடிக்காதவர்கள் மூன்று பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தது என் தவறு. ஒருவருக்கு வாடை பிடிக்கவில்லை, ஒருத்திக்கு முள் பயம், ஒருவனுக்குச் சதையின் பதம் பிடிக்கவில்லை. மூன்றும் வேறு வேறு நோய். ஒரே மருந்து கேட்காது. ‘கவிச்சி இல்லாத மீன் எது’ என்று கடையில் கேட்பதற்கு முன், சாப்பிடப்போகிறவருக்கு எதுதான் ஆகவில்லை என்று வீட்டில் கேட்டுவிட வேண்டும். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மீன் சாப்பிட்டால் உதடு அரிக்கிறதா, தடிப்பு வருகிறதா, தொண்டை இறுகுகிறதா என்று. அப்படி இருந்தால் அது ஒவ்வாமை. வற்புறுத்தாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்; இந்தக் கட்டுரை அவர்களுக்கானது அல்ல.

வாடை ஆகாதவர்

கடல் மீனின் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் வாழும் உயிருக்கு உடம்பின் நீர் வற்றாமல் காக்க அது உதவுகிறது. அதற்கு மணம் கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. மாப்பிள்ளையின் மூக்கைச் சுருக்கவைப்பது அதுதான். (பெயரிலேயே ‘மீன்’ இருப்பது தற்செயல்.) அதாவது கவிச்சி என்பது பெரும்பாலும் மீனின் குணம் அல்ல, மீன் செத்துப்போன நேரத்தின் கணக்கு.

இதனால் எந்த மீன் என்பதைவிட எந்தப் படகு என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது. சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்து விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பவை. முதல் நாள் பிடித்த மீன் கரைக்கு வரும்போதே ஐஸில் பல நாள் கிடந்திருக்கும். பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் இரவில் போய்க் காலையில் திரும்பும் ஃபைபர் படகுகளின் மீன் அப்படி அல்ல. மாப்பிள்ளைக்காக நான் வஞ்சிரத்தை விட்டுவிட்டு அந்தக் கரைக்கு நடந்தபோதுதான் கிழங்கான் கண்ணில் பட்டது.

கிழங்கானை யாரும் விருந்தாளிக்கு வாங்குவதில்லை. விரல் போல மெலிந்த சின்ன மீன், வெள்ளி நிறம். எங்கள் ஊரில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுப்பார்கள். சதை வெள்ளை, கொழுப்பு குறைவு, லேசான இனிப்பு. காலையில் கரை ஏறியதை மதியம் வறுத்தால் கவிச்சி என்று சொல்ல எதுவும் இருக்காது. மாப்பிள்ளை சாப்பிட்ட முதல் மீன் அதுதான். “இது மீன் மாதிரியே இல்லையே மாமா” என்றார். நாகப்பட்டினத்துக்காரனிடம் சொல்லக்கூடாத வாக்கியம். அன்றைக்குப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளை வவ்வாலும் இந்த வரிசையில்தான் வரும். சதை கிழங்கானைவிடக் கனம், வாயில் வெண்ணெய் போல விலகும். ஆனால் விலை வஞ்சிரத்தோடு போட்டி போடும். கிடைப்பதெல்லாம் படகிலிருந்து நேரே வந்ததாகவும் இருப்பதில்லை. ஐந்து நாள் ஐஸில் கிடந்த வவ்வாலுக்கும் இன்று காலைக் கிழங்கானுக்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் கிழங்கானை எடுப்பேன். கருப்பு வவ்வால் பெயரில் மட்டும்தான் வவ்வால். உண்மையில் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. சுவையும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். நல்ல மீன்தான், தொடக்கக்காரருக்கு வேண்டாம்.

வஞ்சிரம் அயிலை, சூரை ஆகியவற்றின் உறவுக்காரன். நாளெல்லாம் நீந்தும் மீன்களுக்குத் தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒரு தசைப்பட்டை இருக்கும். இரத்தமும் எண்ணெயும் நிறைந்த பகுதி. மீன் பழசாகும்போது முதலில் காறிப்போவது இதுதான். வஞ்சிரத் துண்டின் இரு பக்கமும் அதைப் பார்க்கலாம். வாடை ஆகாதவருக்கு வஞ்சிரம்தான் வாங்குவது என்று தீர்மானித்துவிட்டால், அந்தப் பட்டையைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும். மத்தி, அயிலை, சூரை இவற்றில் சிவப்புத் தசையும் எண்ணெயும் இன்னும் அதிகம். அந்த எண்ணெய்க்காகத்தான் நாம் அவற்றை உண்கிறோம், அதே எண்ணெய்க்காகத்தான் இவர்கள் ஓடுகிறார்கள். ஒரு வருடம் போகட்டும்.

ஆற்று மீன், குளத்து மீன் என்றால் வாடை இருக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். கடல் கவிச்சி இருக்காது என்பது சரி. அந்த ஆக்சைடு நன்னீர் மீன்களில் மிகக் குறைவு. ஆனால் அங்கே வேறொன்று காத்திருக்கிறது: ஜியோஸ்மின். குளத்துப் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் இந்தப் பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்ந்துவிடுகிறது. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணமும் இதுதான். தெருவில் நின்று முகர்ந்தால் கவிதை, தட்டில் வந்தால் சேறு. ரோகு, கட்லா, ஜிலேபி மூன்றிலும் குளத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். புளி ஓரளவு அடக்கும். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி இன்று நம் ஏரிகள் எல்லாவற்றிலும் நிறைந்துவிட்டது. மலிவு என்பதற்காக அதை முதல் மீனாகக் கொடுத்துப் பலரை நிரந்தரமாக விரட்டியிருக்கிறோம் என்பது என் சந்தேகம்.

முள்ளுக்குப் பயந்தவர்

பேத்திக்கு வஞ்சிரம் ஏன் பிடித்தது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. குறுக்கே வெட்டிய துண்டில் நடு முள் ஒன்று. அதை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் சதை. எல்லோரும் சொல்லும் யோசனை இந்த இடத்தில் மட்டும் சரியாகப் பொருந்துகிறது.

ரோகு, கட்லா, கெண்டை வகைகளில் நடு முள்ளோடு தொடர்பே இல்லாமல் சதைக்குள் கவட்டை போல மெல்லிய முட்கள் கிடக்கும். எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் ஒன்று தப்பும். குழந்தைக்கு இவை வேண்டவே வேண்டாம். கிழங்கானில் முள் உண்டு. ஆனால் வெந்தபின் வாலைப் பிடித்துத் தூக்கினால் நடு முள் சீப்பு போல மொத்தமாக வந்துவிடும். பெரியவர்களுக்கு அது போதும். பேத்திக்கு நான்தான் பிரித்துத் தருகிறேன், அவள் மேற்பார்வை செய்கிறாள்: “தாத்தா, அங்கே ஒன்று இருக்கிறது.” இருப்பதில்லை, இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய்.

முள்ளே இல்லாத மீன் என்று சுறாவைச் சொல்வார்கள். குருத்தெலும்புதான் என்பது உண்மை. ஆனால் சுறாவின் தசையில் யூரியா சேர்ந்திருக்கும். கொஞ்சம் பழசானாலும் அமோனியா வாடை மூக்கைத் துளைக்கும். தவிர, பெரிய வேட்டை மீன்களின் உடம்பில் பாதரசம் சேர்வதால் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அடிக்கடி கொடுப்பது நல்லதல்ல. சுறாப்புட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். பேத்திக்கு அதை நான் அறிமுகப்படுத்தவில்லை.

பதம் பிடிக்காதவர்

தம்பியின் வழக்கு கடினம். அவனுக்கு வாடை பிரச்சினையில்லை, முள் பிரச்சினையில்லை. வாயில் மீன் கூழாகவும் கூடாது, மரக்கட்டையாகவும் கூடாது. இங்கே கொடுவா வெல்கிறது. கனமான வெள்ளைச் சதை, வெந்தால் பூவிதழ் போலப் பெரிய அடுக்குகளாகப் பிரியும், சாறும் போகாது. கொல்கத்தாவில் ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கும் ‘ஃபிஷ் ஃப்ரை’க்கும், கடுகு அரைத்துப் பூசி வாழையிலையில் மடிக்கும் ‘பாதுரி’க்கும் எடுக்கும் ‘பேட்கி’ இதே கொடுவாதான். மீன் முள்ளோடு விளையாடத் தெரிந்த வங்காளிகளே விருந்து என்றால் முள் நீக்கிய கொடுவாவைத் தேடுகிறார்கள்.

கடல் கொடுவா, வளர்ப்புக் கொடுவா இரண்டும் கிடைக்கின்றன. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்தது. அதற்குப் பிறகு பண்ணைக் கொடுவாவும் சந்தைக்கு வரத் தொடங்கியது. சில பண்ணை மீன்களில் மேலே சொன்ன மண் மணம் லேசாக இருக்கும். தோலை உரித்துவிடச் சொல்லுங்கள். களவா, விளைமீன் கிடைத்தாலும் எடுக்கலாம், பதம் இதற்குப் பக்கத்தில் வரும். விராலும் நல்ல தேர்வு: இறுகிய சதை, முள் குறைவு, உயிரோடு விற்கிறார்கள். ஆனால் தொட்டியில் நெளிவதைப் பார்த்துவிட்டால் மாப்பிள்ளை போன்றவர்கள் அன்றைக்குத் தயிர்ச் சாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

உறைநிலைப் பெட்டியில் இருக்கும் பாசா

சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளைப் பட்டைகளாக அடுக்கியிருக்கும் பாசா, கெளுத்தி இனத்தைச் சேர்ந்த நன்னீர் வளர்ப்பு மீன். வியட்நாமின் மீகாங் பகுதியில் பெருமளவு வளர்க்கிறார்கள், ஆந்திரத்திலும் வளர்க்கிறார்கள். முள் இல்லை, தோல் இல்லை, கண் இல்லை, வாடை ஏறக்குறைய இல்லை. இந்தக் கணக்குப்படி பார்த்தால் போட்டியே கூடாது, பாசாதான் முதல் பரிசு.

பரிசை நான் தரமாட்டேன். சுவையும் ஏறக்குறைய இல்லை. உறைய வைப்பதற்கு முன் நீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்புகளில் ஊறவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். உருகும்போது தட்டு நிறையத் தண்ணீர் விடுவதற்கு அது ஒரு காரணம். அப்படியே தவாவில் போட்டால் வறுபடாது, அவியும். தம்பி வெறுக்கும் அதே கொழகொழ. வேண்டுமானால் முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, கட்லெட்டுக்கோ பொரியலுக்கோ பயன்படுத்துங்கள். மீன் என்ற சொல்லுக்கே அழுகிற குழந்தைக்கு முதல் படியாக அது பயன்படும். ஆனால் பாசாவில் பழகியவர் மீனில் பழகவில்லை. வெந்த மாவில் பழகியிருக்கிறார்.

எந்த மாதம் வாங்குகிறோம்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வஞ்சிரமும் வவ்வாலும் அப்போது பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து ஐஸில் வரும், விலையும் ஏறும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் கிழங்கானும் மற்ற கரையோரச் சிறுமீன்களும் அப்போதும் அன்றன்று கிடைக்கும். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் காலமும் அதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன். பெரிய மீன்தான் வேண்டும் என்றால் அந்த இரண்டு மாதமும் பண்ணைக் கொடுவா நல்லது.

கடையில் பார்க்க வேண்டியவை தெரிந்தவைதான்: கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கிய குழி உடனே மேலே வர வேண்டும், வயிறு தொளதொளக்கக்கூடாது. முன்பே வெட்டிவைத்த துண்டுகளில் இவற்றில் பாதியைப் பார்க்க முடியாது. முழு மீனைக் காட்டி, கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள்.

கழுவுவது, சமைப்பது

கடையில் கழுவிக் கொடுத்தாலும் வீட்டில் ஒரு முறை பார்க்க வேண்டும். வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கருப்புச் சவ்வு, நடு முள்ளை ஒட்டி உறைந்திருக்கும் இரத்தம், செவுளின் மிச்சம் இவை மூன்றும் வாடையின் கூடாரங்கள். விரலால் சுரண்டி எடுத்துவிட்டுக் கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போதும். கடைசியாகப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு புரட்டு. புளிப்பு அந்த அமீனோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால் மூக்குக்கு எட்டுவதில்லை; பாட்டிமார் புளி போட்டுக் கழுவியதன் வேதியியல் அதுதான். ஆனால் மணிக்கணக்கில் ஊறவிடாதீர்கள். எலுமிச்சை 20 நிமிடத்துக்கு மேல் இருந்தால் சதை வெளுத்துத் துவண்டுவிடும்.

சமையல் முறைகளில் குழம்பை முதலில் ஒதுக்கிவைக்கச் சொல்வேன். எனக்குச் சொல்ல வலிக்கிறது. மென்மையான மீனைக் கெட்டிப் புளிக்குழம்பில் போட்டால் மீன் தெரியாது, உடைந்தும் போகும். வீடு முழுக்க வாடை மட்டும் நிற்கும். அதைவிட, நேற்று வைத்த மீன் குழம்பு நமக்கு அமிர்தம், இவர்களுக்கு ஆலகாலம். எந்த மீனையும் இவர்களுக்காகச் சூடுபடுத்திப் பரிமாறாதீர்கள். மீன் குழம்பு வைத்துப் பழகிய மண்சட்டியையும் எடுக்காதீர்கள். அதன் சுவரில் பத்து வருடத்து மீன் குடியிருக்கிறது.

முதல் தடவைக்கு வறுவல். அரைக் கிலோ கிழங்கானுக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சிபூண்டு விழுது, அரை மூடி எலுமிச்சை. 15 நிமிடம் கழித்து ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைத் தூவிப் புரட்டி, நன்றாகக் காய்ந்த தவாவில் புது எண்ணெயில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். மீன் பொரித்த பழைய எண்ணெய் இருந்தால் மறந்துவிடுங்கள். மசாலாவைக் குழைத்து அப்புவதும் வேண்டாம். மசாலாவைத்தான் விரும்பப்போகிறார்கள் என்றால் வாழைக்காயே போதுமே. வாடைக்காரரைப் பந்திக்கு அழைப்பது வறுத்து முடித்து ஜன்னலைத் திறந்துவிட்ட பிறகு.

வறுக்கும் புகையே ஆகாது என்பவர்களுக்கு வாழையிலை. கொடுவாத் துண்டில் தேங்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி அரைத்துப் பூசி, வாட்டிய இலையில் மடித்து இட்லிப் பானையில் 12 நிமிடம். வெளியே வருவது இலையின் மணம்தான்.

மாப்பிள்ளையை உண்மையில் வென்றது யாழ்ப்பாணத்துச் சொதி. தேங்காயின் இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் போட்டு வேகவிட்டு, முள் நீக்கிய கொடுவாத் துண்டுகளை இட்டு ஐந்து நிமிடம். தலைப்பாலை ஊற்றி ஒரு சூடு வந்ததும் இறக்கி, ஆறத் தொடங்கியபின் எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரிந்துவிடும். இடியாப்பத்தோடு கொடுத்தேன். கோழிக் குருமாவுக்குப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. மூன்றாவது இடியாப்பம் கேட்டார்.

தம்பிக்கு ஒரே ஒரு விதி: அடுப்பை நேரத்தில் அணை. நடுப்பகுதியைக் கரண்டி முனையால் தள்ளினால், கண்ணாடி போல இருந்த சதை வெண்மையாகி அடுக்கு பிரிய வேண்டும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். ஒரு விரல் கனத் துண்டுக்குப் பக்கத்துக்கு மூன்று நிமிடம், நான்கு தாண்டக்கூடாது. விடுதியில் அவனுக்குக் கிடைத்தது மட்டமான மீன் அல்ல, அரை மணி நேரம் கொதித்த மீன் என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

ஆக இப்போது என் பட்டியல் இப்படி ஓடுகிறது. ஃபைபர் படகு வரும் காலையில் கிழங்கான். மூன்று பேரும் சேர்ந்து வரும் நாளில் இரண்டு கிலோ அளவில் ஒரு கொடுவா. பேத்தி மட்டும் வந்தால் சிவப்புத் தசைப்பட்டை சீவிய வஞ்சிரம் நான்கு துண்டு. வவ்வால் விலைக்குப் பயந்து பொங்கலுக்கு ஒரு முறை. முள் நீக்கிய சதையாக வெட்டினால் கொடுவாவில் பாதி எடை கழிவாகப் போகிறது என்று மனைவி கணக்குப் பார்க்கிறாள். கழிவு என்று அவள் சொல்வது தலையும் நடு முள்ளும். அதை மாங்காய் போட்டுப் புளிக்குழம்பாக வைத்து, அந்தப் பழைய மண்சட்டியிலேயே ஓரமாக மூடிவைத்து, எல்லோரும் ஊருக்குப் போன திங்கட்கிழமை காலை பழைய சோற்றோடு நான் தனியாகச் சாப்பிடுகிறேன்.